டிராக் குரல்

எனக்கு ஓர் இடத்தில் நிலையாக உட்காரத் தெரியாது. பிழைப்பு மட்டும் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற பிழைப்பாக வாய்த்துவிட்டது. சினிமாப் பாட்டுகளுக்கு மிக்சிங் செய்கிறேன். வயலின் ஒரு ஊரில், தபலா இன்னொரு தெருவில், பாடுகிறவர் வேறொரு அறையில் என்று ஆளுக்கொரு மூலையில் பதிவு செய்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். எதை முன்னால் கொண்டுவருவது, எதைப் பின்னால் தள்ளுவது, எதுவும் எதன் காலையும் மிதிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் என் தலைவலி. கல்யாணப் பந்தியில் ஆட்களை உட்காரவைக்கிறவர் படுகிற பாடுதான். அவருக்காவது நடக்கக் கொடுத்துவைத்திருக்கிறது.

பாதி நேரம் நானும் நடந்துகொண்டேதான் கேட்பேன். ஸ்பீக்கருக்கு முன்னால் கொஞ்ச நேரம், கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம், பாத்திரம் தேய்க்கும்போது கொஞ்ச நேரம். பக்கத்து அறையிலிருந்து கேட்டால்தான் குரல் நியாயமான உயரத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியும். என் கணவர் இதைப் பார்த்துவிட்டு, பாட்டுக்குப் பயந்து ஓடுகிற ஒரே சவுண்ட் இன்ஜினியர் நீதான் என்பார்.

அவர் கலெக்டர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பரீட்சை எழுதித் தேறி வேலை இங்கே கிடைத்ததும், சென்னையில் நான் வேலை பார்த்த பெரிய ஸ்டுடியோவை விட்டுவிட்டு அவரோடு வந்தேன். வேங்கிக்காலில் புதிதாக முளைத்த மனைகளில் ஒரு மாடிப் போர்ஷன். படுக்கையறையாக இருக்கவேண்டியது என் ஸ்டுடியோ. கூடமாக இருக்கவேண்டியது எங்கள் படுக்கையறை. சுவரில் சத்தம் மோதித் திரும்பாமலிருக்க, டவுனில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பாயிடம் சொல்லி மரச்சட்டத்துக்குள் பஞ்சு அடைத்துப் பலகைகள் வாங்கி மாட்டியிருக்கிறேன். முதல்முறை கேட்டபோது அவர், சுவருக்கு எதுக்கும்மா மெத்தை என்று நெடுநேரம் யோசித்தார். இப்போது அவரே மூலைக்கு ஜாஸ்தி பஞ்சு, நடுவுக்குக் கம்மி என்று எனக்கே சொல்கிறார்.

என் கணவர் பாடுவார். கல்லூரிக் காலத்திலிருந்தே சினிமாவுக்கு டிராக் பாடுகிறவர். டிராக் என்றால் என்னவென்று பலருக்குத் தெரியாது. மெட்டும் வரியும் தயாரானவுடன், பாட்டு எப்படிப் போகும் என்று காட்ட ஒருவரை வைத்து முழுப் பாட்டையும் பாடி வைத்துக்கொள்வார்கள். பெயர் பெற்ற பாடகர் ஒரு நாள் வந்து, அதை ஹெட்ஃபோனில் கேட்டுப் பழகி, தன் குரலில் பாடிவிட்டுப் போவார். அத்தோடு டிராக் பாடியவரின் வேலை முடிந்தது. அவருடைய நெளிவு, சுளிவு, எந்த இடத்தில் நிறுத்தினார், எந்த எழுத்தை இழுத்தார் என்பதெல்லாம் பாட்டில் தங்கிவிடும். அவர் மட்டும் தங்கமாட்டார்.

என் மாமியார் போளூரில் இருக்கிறார். மகன் சினிமாவில் பாடுகிறான் என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமை. டிராக் விவகாரத்தை எத்தனை முறை விளக்கினாலும், பாடினது நீதானே என்று அங்கேயே வந்து நிற்பார். ஒரு கல்யாண மண்டபத்தில் என் கணவர் டிராக் பாடிக்கொடுத்த பாட்டைப் போட்டுவிட்டார்கள். மாமியார் எழுந்து சொந்தக்காரர்களிடமெல்லாம், இது என் பையன் பாட்டு என்று சொல்லிக்கொண்டு போனார். ஒரு பெரியப்பா செல்போனில் தேடிப் பார்த்து, இதில் வேறு ஒருத்தர் பேர் போட்டிருக்கே என்று பந்தியே கேட்கும்படி சொன்னார். சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லை, சும்மாதான் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்துக்கொண்டே ஜாங்கிரியைப் பிட்டுச் சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம்தான் சண்டை போட்டேன். வேறு யாரிடம் போடுவது?

அதனால்தான் நான் மிக்சிங் செய்யவிருந்த ஒரு படத்தின் இளம் இசையமைப்பாளர் ஒரு நாள் கூப்பிட்டு, அண்ணன் பாடிய டிராக்கே நன்றாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன் என்றபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவருக்கு இது இரண்டாவது படம். என்னை அக்கா என்பார், பக்கத்தில் ஆள் இருந்தால் நான் சார் என்பேன், இல்லாவிட்டால் தம்பி. ஒரு தகப்பன் தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்து வருகிற பாட்டு. சத்தம் போடக்கூடாத பாட்டு. என் கணவரின் குரலில் அடியில் ஒரு கரகரப்பு உண்டு, அது அந்தத் தகப்பனுக்குப் பொருந்தியிருந்தது. ஆனால் கடைசி முடிவு தயாரிப்பாளர் கையில். ஆரணிப் பக்கம் நெல் மண்டி வைத்திருப்பவர். மிக்சிங் முடிந்த பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் சரி என்பார் என்று தம்பி சொன்னார்.

அதாவது, என் கணவரின் குரல் படத்தில் இருப்பதும் இல்லாமல் போவதும் நான் செய்யப்போகிற மிக்சிங்கில் இருந்தது. இதை அவரிடம் சொன்னேன். பார்ப்போம் என்றார். அவர் எப்போதும் பார்ப்போம்தான். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தவிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். ஒரு பாட்டைக் கேட்டு, ஆஹா என்ன குரல் என்று உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தொண்டை பாதி, கருவி பாதி. சென்னை ஸ்டுடியோவில் இருந்த பழைய மிக்சிங் போர்டு ஒரு கட்டில் நீளம் இருக்கும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதில் ஒரு வரிசை, வரிசை நெடுகத் திருகுகள், கீழே மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர். காலையில் போட்டால் மத்தியானம் கைவைக்க முடியாமல் சுடும். எல்லா வரிசையும் ஒன்றுபோலத்தான் செய்தார்கள் என்றாலும், வருடக்கணக்கில் ஓடி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் வந்துவிட்டது. இடது ஓரத்து வரிசை ஒன்றில் குரலைச் செருகினால் ஓரங்கள் மழுங்கி, பால் காய்ந்து ஆடை படிந்த மாதிரி ஒரு மென்மை வரும். அங்கே பாடின பெண் பாடகிகள் எல்லோருக்கும் அந்த மென்மை இருக்கும். ஜனங்கள் அதைப் பாடகியின் பிறவிக் குணம் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அதில் பாதி இரும்பும் செம்புக் கம்பியும்.

கம்ப்ரஸர் என்று ஒரு கருவி உண்டு. சத்தம் அதிகமானால் அமுக்கும், அமுக்கியதை ஈடுகட்ட மொத்தத்தையும் தூக்கிவிடும். அது சரியாக இல்லாத காலத்தில், உச்சத்தில் பாடும்போது பாடுகிறவர்களே மைக்கைவிட்டு ஓரடி பின்னால் போவார்கள். அதனால் பழைய பாட்டுகளில் உச்ச இடம் வரும்போது அந்த அறையும் சேர்ந்து கேட்கும். இன்றைக்கு யாரும் நகர்வதில்லை. மைக்கில் உதட்டை ஒட்டிக்கொண்டு பாடுகிறார்கள், மீதியைக் கருவி பார்த்துக்கொள்கிறது. கத்தலும் முணுமுணுப்பும் ஒரே உயரம். மூச்சு இழுப்பதுகூடக் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டவுன் பஸ்ஸில் பாட்டுப் போட்டால் நான் பாட்டைக் கேட்பதில்லை, இங்கே எவ்வளவு அமுக்கியிருக்கிறான் பார் என்றுதான் கேட்கிறேன். நிம்மதியாக ஒரு பாட்டுக் கேட்டு எத்தனையோ காலமாகிறது.

தம்பி பாட்டை முடிக்க நேரில் வந்தார். அமைதி வேண்டுமென்று ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கி, இஞ்சியும் தேனும் போட்ட டீ குடித்துவிட்டு என் வீட்டுக்கு வருவார். அமைதி தேடி வந்த ஆள் என் அறைக்குள் நுழைந்ததும் சத்தத்தைக் கூட்டச் சொல்வதுதான் முதல் வேலை. குரல் சின்னதாக இருக்கிறது என்றார். பெரிய பாடகர்களின் குரல் கேட்கிறவரைச் சுற்றி நிற்கிறது, அண்ணன் குரல் எதிரில் மட்டும் நிற்கிறது என்றார். அவருடைய பென் டிரைவில் ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தார். ஒரே குரலை இரண்டாகப் பிரித்து, இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு அதன் அலையையே தலைகீழாக்கி ஒன்று என்று அனுப்பும். கேட்கிறவருக்குக் குரல் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கிற மாதிரித் தோன்றும்.

போட்டுக் கேட்டோம். நான் முதன்முறையாக நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தேன். கலெக்டர் அலுவலகத்தில் பட்டா மாறுதலுக்கு வந்தவர்களிடம் மெதுவாகப் பேசுகிற என் வீட்டுக்காரர், செங்கம் ரோடு அகலத்துக்கு என்னைச் சுற்றி நின்று பாடினார். எனக்குக் கண் கலங்கியது. தம்பியும் கவனித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே அனுப்பிவிடலாம் என்றேன். தம்பி தயாரிப்பாளருக்கு அனுப்பிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அனுப்பியதும் எனக்குத் திரும்ப இருப்புக்கொள்ளவில்லை. மெத்தைக் கடையில் ஒரு பலகை சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து, பாட்டை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினேன். அன்று பௌர்ணமி என்பதை மறந்துவிட்டேன். இந்த ஊரில் இருந்துகொண்டு பௌர்ணமியை மறக்கிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடை சாத்தியிருந்தது. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் மத்தியானத்திலிருந்தே ரோட்டை நிறைத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து ஏற்றிக்கொண்டார். வேலூர் ரோட்டில் போலீஸ் தடுப்புக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது.

ஒவ்வொரு பாட்டையும் அவருடைய ஆட்டோவில் ஒரு முறை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். என் அறையில் நன்றாக இருப்பது பெரிய விஷயமில்லை, தெருவில் கேட்கவேண்டும். ஹாண்டில்பாருக்குக் கீழே குப்பி மாதிரி ஒரே ஒரு ஸ்பீக்கர் கட்டி வைத்திருப்பார். பென் டிரைவைக் கொடுத்தேன். செருகினார். புல்லாங்குழல் வந்தது, கிடார் வந்தது, தபலா வந்தது. பல்லவி வரவேண்டிய இடத்தில் யாரும் வரவில்லை.

“இன்னாக்கா, கரோக்கியா?” என்றார் ஆட்டோக்காரர். “பாட்டு எங்க?”

குரல் இல்லை. குரலுக்குப் போட்டிருந்த எதிரொலி மட்டும் எங்கோ தூரத்தில் மங்கலாகக் கேட்டது. ஆள் போய்விட்டார், அவர் பேசினது மட்டும் அறையில் மிச்சம் இருக்கிறது என்பதுபோல. என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. ஒரே குரலின் நேரானதும் தலைகீழானதும் இரண்டு ஸ்பீக்கரில் வந்தால் விரிந்து நிற்கும். இரண்டையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரில் விட்டால் ஒன்றை ஒன்று அடித்து இரண்டும் காணாமல் போகும். இந்த உலகத்தில் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது ஒரே ஸ்பீக்கர். டீக்கடையில் ஒன்று, மண்டபத்துக் குழாயில் ஒன்று, தயாரிப்பாளரின் செல்போனில் ஒன்று.

சென்னைப் போர்டில் இதற்கென்றே ஒரு பட்டன் இருந்தது. இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாக்கிக் காட்டுகிற பட்டன். வலது கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற இடத்தில் வைத்திருந்தார்கள். யோசிக்காமலே அழுத்திப் பார்ப்போம். என் லேப்டாப்பில் அதே வேலைக்கு மூன்று இடத்தில் திறந்து உள்ளே போகவேண்டும். அன்றைக்கு யாரும் உள்ளே போகவில்லை. பட்டன் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் பாட்டு எப்படி இருக்கும் என்பதும் அமைகிறது. யாராவது எங்கள் தொழிலைப் பற்றி எழுதினால் இதைத்தான் முதலில் எழுதவேண்டும்.

தம்பிக்குப் போன் போட்டேன். பௌர்ணமி அன்று இவ்வளவு கூட்டத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும்? போகவே இல்லை. ஆட்டோ நகர்கிற மாதிரி இல்லை. இறங்கி நடந்தேன். தற்காலிக பஸ் நிலையங்களில் இறங்கி மலையை நோக்கி வருகிற கூட்டத்துக்கு எதிராக, வேங்கிக்காலைப் பார்த்து நான் ஒருத்தி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு அம்மா, கோயில் அந்தப் பக்கம் இருக்குதும்மா என்று அக்கறையாக வழி சொன்னார். தெரியும்ங்க என்றேன். கால் மட்டும் ஓடப் பார்த்தது. அந்தச் சாஃப்ட்வேர் செய்தவனையும், பென் டிரைவைக் கண்டுபிடித்தவனையும், என்னையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே போனேன்.

வீட்டுத் தெரு திரும்பும்போது தம்பியே கூப்பிட்டார். குரல் சுரத்தில்லாமல் இருந்தது. தயாரிப்பாளர் மண்டியில் உட்கார்ந்து செல்போனில் கேட்டுவிட்டாராம். பாடுகிற ஆள் கிணற்றுக்குள் இருந்து பாடுகிறாரா என்று கேட்டாராம். தெம்பான ஆளாகப் பாரு, பேர் உள்ள ஆளாகப் பாரு என்று சொல்லிவிட்டாராம். நடந்ததை விளக்கினேன். இன்று மாலைக்குள் வேறு மிக்ஸ் தருகிறேன், அதே போனில் அதே இடத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். எனக்குக் கெஞ்சி வழக்கமில்லை.

அந்த அகலத்தையெல்லாம் எடுத்து எறிந்தேன். எதிரொலியைக் குறைத்தேன். குரலை நட்டநடுவில் ஒற்றை ஆளாக நிறுத்தினேன். கம்ப்ரஸரை மட்டும் கொஞ்சம் இறுக்கினேன், மண்டியின் இரைச்சலுக்கு நடுவிலும் கடைசி எழுத்துவரை கேட்கவேண்டும் என்று. ஒவ்வொரு சொல்லும் ஓரம் தெரிகிற மாதிரி வந்தது. வரிக்கு நடுவில் அவர் மூச்சு எடுப்பதுகூடத் தெரிந்தது. முடித்து அனுப்பிவிட்டுத் திரும்பினால், அவர் ஆபீசிலிருந்து வந்து டிபன் பாக்ஸைக் கையில் வைத்தபடி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். டிபன் பாக்ஸை மேஜையில் வைத்தார்.

“என் குரல் மாதிரியே இருக்குதும்மா” என்றார்.

மறுநாள் தம்பி கூப்பிட்டபோது எடுத்த எடுப்பிலேயே சந்தோஷம் தெரிந்தது. தயாரிப்பாளருக்குப் பாட்டு பிடித்துவிட்டது. இப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது என்று இரண்டு தடவை போட்டுக் கேட்டாராம். மண்டியில் மூட்டை தைக்கிறவர்களையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தாராம். அப்புறம் தம்பியின் குரல் இறங்கியது.

“ஒண்ணு சொல்லணும்க்கா. கோச்சிக்காதீங்க. அவருக்குப் பாட்டு அவ்ளோ பிடிச்சிடுச்சு. இதுக்குப் பெரிய ஆள் வேணும்னு நேத்தே நம்ம மிக்ஸை ஒரு பாடகருக்கு அனுப்பிட்டார். அவர் இத்தனை நாளா டேட் குடுக்காதவரு. இதைக் கேட்டுட்டு, இவ்ளோ க்ளியரா டிராக் எனக்கு யாரும் குடுத்ததில்ல, ஒரு மணி நேரத்துல பாடிடுவேன்னு ஒத்துக்கிட்டார்.”

பெயரைச் சொன்னார். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் தெரியாத வீடு கிடையாது. நான் தம்பியிடம் என்னென்னவோ கத்தினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார், அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அவர் கையில் ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். நான்தான் பாடம் நடத்துவதற்கு ஏற்றமாதிரி ஒரு குரலைத் துடைத்துத் துலக்கி வைத்தேன். பெரிய பாடகர் படித்துக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

என் கணவரிடம் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். உரிப்பதை நிறுத்தவில்லை. இந்தப் படத்துக்கு இனி ஒரு வேலையும் செய்யமாட்டேன் என்றேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, வேலையை விடாதே என்றார். அந்தப் பெரிய பாடகர் பாடினால் பாட்டு நாலு பேருக்குப் போய்ச் சேரும் என்றார். கோபப்படுங்களேன் என்றேன். நீதான் படுகிறாயே என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போடுகிறவர், எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார்.

பெரிய பாடகரின் பதிவு வந்தது. ஏதாவது குறை இருக்கும், இருந்தால் பெரிதாக்கிக் காட்டலாம் என்றுதான் திறந்தேன். ஒன்றுமில்லை. அருமையாகப் பாடியிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் கணவரின் ஒவ்வொரு வளைவையும் பிடித்திருந்தார். இரண்டாவது சரணத்தில் ஒரு நீண்ட சொல் வரும். டிராக் பாடின அன்று என் கணவருக்குச் சளி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனதன் பலன். மூச்சு பற்றாமல் அந்தச் சொல்லின் நடுவில் குட்டியாக ஒரு மூச்சு எடுத்துவிட்டுத் தொடர்ந்திருப்பார். சாதாரணமாகக் காதில் படாத மூச்சு. நான் இறுக்கிய கம்ப்ரஸர் அதைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டது. பெரிய பாடகர் அதை உணர்ச்சிக்கான பாவம் என்று எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் அதே மூச்சை எடுத்திருந்தார். தோளில் பிள்ளை கனக்கிற தகப்பன் மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. படத்தில் எல்லோரும் பேசப்போகிற இடம் அதுதான் என்று தம்பி சொன்னார்.

தம்பிக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு யோசனை சொன்னார். அண்ணன் குரலையும் அடியில் மெலிதாக வைப்போம், இரண்டும் சேர்ந்தால் குரலுக்கு ஒரு கனம் வரும், கூடுதல் குரல் என்று அவர் பேரையும் போட்டுவிடுவோம் என்றார். இது எங்கள் தொழிலில் நடப்பதுதான். எனக்கு அது போதுமென்று பட்டது. போதாது என்றும் பட்டது. உட்கார்ந்து, எழுந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்து இரண்டு குரலையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். பெரிய பாடகரின் குரலுக்கு அடியில் என் கணவர் குரலின் ஃபேடரை ஏற்றினால் பாட்டு இரட்டையாகத் தெரிந்தது, இறக்கினால் அவரே தெரியவில்லை. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினேன். அவர் இருக்கிறார் என்று தெரிந்தவருக்கு இருக்கிற மாதிரி ஓர் இடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டேன். முழுவதும் கேட்டார்.

“இதுல நான் எங்க இருக்கேன்?” என்றார்.

அவருடைய ஃபேடரைக் காட்டினேன். அடியில் இருக்கிறது, தனியாகக் கேட்காது, உற்றுக் கேட்டால் உணரலாம் என்றேன். பேரும் வரும் என்றேன். அவர் ஃபேடரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வழக்கமான பார்ப்போம் குரலில் இல்லாமல் பேசினார்.

“வேணாம்மா, எடுத்துடு. கேக்குதுன்னா கேக்கணும். எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லும். ஒவ்வொருத்தன் கிட்டயும் போய், உத்துக் கேளுங்க, அடியில நான் இருக்கேன்னு என்னால சொல்லிட்டு இருக்க முடியாது.”

இவ்வளவு வேலை செய்தது யாருக்காக என்று கேட்டேன். உங்களுக்கு ஆசையே இல்லையா என்று கேட்டேன். ஆசை இருப்பதால்தான் சொல்கிறேன் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. சரி, எடுத்துவிட்டேன், போதுமா என்று அவர் குரலை அணைக்கிற பட்டனை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்க் காபி கலந்தேன். பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன.

திரும்பி வந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு, நான் கோபத்தில் சொன்னதைக் காதிலேயே வாங்காதவர் மாதிரி, “எடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை போடேன், கேட்டுக்கிறேன்” என்றார்.

கை பழக்கத்தில் போய்ப் பாட்டை ஓடவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பல்லவி பாதி போன பிறகுதான் திரையில் அவருடைய வரிசையில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். அணைத்தது அணைத்தபடியே இருந்தது, பெரிய பாடகர் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தார். நடுவில் திறந்துவிட்டால் வித்தியாசம் தெரியும். நிறுத்தி முதலிலிருந்து போட்டால், ஏன் என்று கேட்பார். மவுஸின்மேல் விரலை வைத்தபடி நின்றுகொண்டே இருந்தேன். சரணம் போனது. இரண்டாவது சரணம் வந்தது. அந்த நீண்ட சொல் வந்தது, நடுவில் அந்தக் குட்டி மூச்சு.

அவர் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார். முகம் மலர்ந்திருந்தது. கல்யாண மண்டபத்தில் சிரித்தபோது அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

“இந்த எடத்துல மட்டும் நான் நல்லாக் கேக்குறேன், இல்ல?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.